கனடாவின் நீலப்பூவும் நம் வளவின் பட்டிப்பூவும்

கேள்வி: கனடாவிலுள்ள என் தமக்கையின் வீட்டில், நிலமே தெரியாதபடி படர்ந்து, நீலப் பூப் பூத்து, பனிக்காலத்திலும் பச்சையாகவே நிற்கும் 'வின்கா' என்ற செடியைப் படத்தில் கண்டேன். மாரி மழையில் எங்கள் முற்றத்துச் செம்மண் கரைந்து ஓடுகிறது. அச்செடியை இங்கே நடலாமா?
– வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: வேண்டாம், சகோதரி. வின்கா மைனர் ஐரோப்பாவின் குளிர்ந்த மரநிழலுக்குரிய செடி. வன்னியின் ஆடி வெயிலையும் சோளகக் காற்றையும் அது தாங்காது. ஒன்ராறியோவில் தோட்டங்களை விட்டுக் காடுகளுக்குள் புகுந்து, அங்குள்ள சிறு செடிகளை அது நெருக்குவதையும் தமக்கையாரிடம் சொல்லுங்கள்.

அதன் உறவுச் செடி உங்கள் வேலியோரத்திலேயே நிற்கக்கூடும். பட்டிப்பூ, அதாவது நித்தியகல்யாணி, மடகாஸ்கரிலிருந்து வந்தது; 1759இல் தாவரவியலாளர் லின்னேயஸ் அதை வின்கா இனத்திலேயே சேர்த்திருந்தார், பின்னரே அது தனி இனமாகப் பிரிக்கப்பட்டது. ஆண்டு முழுவதும் பூக்கும். ஆடுமாடு வாய் வைக்காது. ஆனால் வின்காவைப் போலக் கணுவுக்குக் கணு வேர்விட்டுப் படராமல் நிமிர்ந்தே வளர்வதால், நிலம் மூட வேண்டுமானால் நெருக்கி நட வேண்டும்.

இரட்டையாக நிற்கும் மெல்லிய காய்கள் மஞ்சளாகும்போது பறித்தால், உள்ளே கடுகிலும் சிறிய கறுத்த விதைகள் இருக்கும். அவற்றை மார்கழியில் நாற்றுமேடையில் தூவி, மெல்லிய மண்ணால் மூடி, பெருமழை ஓய்ந்த பின் மாசியில் ஓரடி இடைவெளியில் நடுங்கள். ஒரு சாண் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் வெடித்துப் புதர் அடரும். வேர் பிடிக்கும்வரை தண்ணீர் ஊற்றினால் போதும், கோடையைத் தாங்கிக்கொள்ளும். அதற்கு எமன் கார்த்திகையில் தேங்கும் வெள்ளம்தான், வேர் அழுகிவிடும். ஆகவே மண்ணை நாலு விரல் உயர்த்தி, சரிவின் விளிம்பில் கல்லையோ உடைந்த ஓட்டுத் துண்டையோ பதித்துவிடுங்கள். மண்ணைத் தடுக்கும் வேலையில் பாதி அந்தக் கல்லுக்குரியது. வேம்பின் அடியில் மட்டும் நடாதீர்கள். நிழலில் அது நெட்டையாகி, பூ குறையும். அங்கே சருகைக் கூட்டாமல் விட்டாலே மண் நிற்கும்.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். நீரிழிவுக்கென்று இதன் இலையை அவித்துக் குடிப்பவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அந்த நம்பிக்கையைச் சோதிக்கப் போய்த்தான், 1958இல் அதே கனடாவில், நோபிள், பியர் என்ற இரு ஆய்வாளர்கள் புற்றுநோய் மருந்தான வின்பிளாஸ்டினை இதிலிருந்து பிரித்தெடுத்தார்கள். இரத்த வெள்ளணுக்களையே குறைக்கும் அந்த நஞ்சு, மருத்துவர் அளந்து ஏற்றினால் மருந்து. அடுப்பில் அவித்தால் அளவு யாருக்கும் தெரியாது. சிறு பிள்ளைகள் வாயில் வைக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.