உங்கள் குடும்பத்தில் யாராவது போரில் பணியாற்றியிருக்கிறார்களா? அவரை எப்படி நினைவில் வைத்திருக்கிறீர்கள்?

உண்டு. என் அம்மாவின் அப்பா. அம்பாசமுத்திரம் பக்கத்தில் எங்கள் ஊரில் வயதானவர்கள் இன்றும் அவரைப் 'பட்டாளத்து டாக்டர்' என்றுதான் சொல்வார்கள். இரண்டாம் உலகப் போரில் இம்பாலிலும் பிறகு பர்மாவிலும் ராணுவ மருத்துவராக இருந்தார்.

அவர் நினைவு எங்களுக்கு வருவது விளக்கு வைக்கும் நேரத்தில். ஆச்சி குத்துவிளக்கை ஏற்றும்போது தாத்தா மடித்துவிட்டிருந்த சட்டைக் கையை மணிக்கட்டு வரை இறக்கிப் பொத்தான் போடுவார். திண்ணையில் இருக்கும் பேரப்பிள்ளைகளும் அப்படியே செய்ய வேண்டும். அரைக்கைச் சட்டை போட்டவன் உள்ளே போய் மாற்றிக்கொண்டு வர வேண்டும். சாமி கும்பிடுவதற்கு முன் செய்யும் மரியாதை என்றே நான் நினைத்திருந்தேன். பொழுது சாய்வதற்குள் கையை இறக்கிவிட வேண்டும் என்பது மலேரியாக் கொசுவுக்காக பர்மா முனையில் இருந்த ராணுவ உத்தரவு. அது எனக்குத் தெரியவந்தபோது தாத்தா இல்லை.

அவர் ராயபுரம் ஸ்டான்லியில் எல்.எம்.பி. படித்தவர். அந்தக் காலத்தில் எல்.எம்.பி. என்றால் எம்.பி.பி.எஸ்.ஸுக்கு ஒரு படி கீழே. போருக்கு முன்பு அந்தப் படிப்போடு ராணுவத்துக்குப் போனால் அதிகாரிகளுக்குக் கீழேயே காலம் தள்ள வேண்டும். 1943 ஏப்ரல் 3-ஆம் தேதி இந்திய ராணுவ மருத்துவப் படை அமைந்த பிறகுதான் எல்.எம்.பி.க்காரர்களும் அதிகாரிகளானார்கள். தாத்தாவும் அப்படித்தான் போனார்.

அவர் காக்கி உடுத்திய நாளில் அவருடைய தம்பி, எங்கள் சின்னத் தாத்தா, ஆகஸ்டு போராட்டத்தில் கைதாகி அலிப்புரம் சிறையில் இருந்தார். ஒரே வீட்டில் அண்ணன் வெள்ளைக்காரன் படையில், தம்பி வெள்ளைக்காரன் சிறையில். பூட்டி இரண்டு பேருக்குமாகச் சேர்த்து ஒரே கார்த்திகை விரதம் இருந்தாராம். சுதந்திரத்தின் 25-ஆம் ஆண்டில், 1972-இல், சின்னத் தாத்தாவுக்குத் தாமிரப் பத்திரம் கிடைத்தது. அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார்கள். தாத்தாவின் பர்மா நட்சத்திரப் பதக்கம் கட்டிலுக்கடியில் டிரங்குப் பெட்டியில் கிடந்தது. யாரும் அதை ஒளித்து வைக்கவில்லை. எடுத்து மாட்ட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவருக்கும்கூட. இது எனக்கு நெடுநாள் உறுத்தலாக இருந்தது.

சிறுவயதில் நாங்கள் அவரிடம் சண்டைக் கதை கேட்போம். "என்ன செய்தீர்கள் தாத்தா?" என்றால், "மாத்திரை எண்ணினேன்" என்பார். அதற்குமேல் வராது. எங்களுக்குப் பெரிய ஏமாற்றம்.

அவர் சொன்னது முழு உண்மை என்று நான் புரிந்துகொண்டது அந்தப் போர்முனையைப் பற்றித் தேடிப் படித்தபோதுதான். 1942-இல் ஜப்பானியர் ஜாவாவைப் பிடித்தார்கள். மலேரியா மருந்தான கொயினா உலகத்துக்குப் பெரும்பாலும் அங்கிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. அது நின்றதும் மெபாக்ரின் என்ற மஞ்சள் மாத்திரையை நம்ப வேண்டியதாயிற்று. கசப்பு. தினமும் விழுங்கினால் தோலும் மஞ்சளாகிவிடும். ஆண்மை போய்விடும் என்று வதந்தி வேறு. வாயில் போட்டுக்கொண்டு போய் மறைவில் துப்பியவர்கள் உண்டு. 1943-இல் காயம்பட்டுப் போர்முனையை விட்டுப் போனவர் ஒருவர் என்றால் நோயில் போனவர்கள் 120 பேர். பர்மா முனையில் போரிட்ட பதினான்காம் படையின் தளபதி ஸ்லிம் எழுதிவைத்த கணக்கு இது. எந்தப் பிரிவில் வீரர்கள் மாத்திரை விழுங்கவில்லை என்று திடீர்ச் சோதனையில் தெரிந்ததோ, அதன் தலைமை அதிகாரியையே அவர் பதவியிலிருந்து நீக்கினார். மூன்று பேரை நீக்கியதும் மற்றவர்களுக்குப் புரிந்துவிட்டது. காய்ச்சல்காரனை இந்தியாவுக்குள் தொலைதூர மருத்துவமனைக்கு அனுப்பினால் அவன் திரும்பி வர மாதக்கணக்காகும் என்பதால், சில மைல் பின்னாலேயே மலேரியா சிகிச்சை முகாம்களை அமைத்தார்கள். 1945-இல் அந்த 120 பத்தாகக் குறைந்தது.

அந்தக் குறைவில் எங்கள் தாத்தாவின் கை இருக்கிறது. இதைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைக்கும். வரிசையாக நிற்கும் ஒவ்வொருவன் வாயிலும் மாத்திரை போய், தண்ணீர் போய், திறந்து காட்டிய வாயில் ஒன்றுமில்லை என்று பார்த்த கண்கள் அவருடையவை.

இம்பால் முற்றுகையைப் பற்றி ஆச்சியிடம் மட்டும் கொஞ்சம் சொல்லியிருக்கிறார். 1944 மார்ச் கடைசியில் கோஹிமா சாலை அடைபட்டது; ஜூன் 22-ஆம் தேதிதான் திறந்தது. அதுவரை எல்லாம் வானத்திலிருந்து. டகோட்டா விமானம் அரிசியும் குண்டும் இறக்கிவிட்டு, திரும்பும்போது நோயாளிகளை ஏற்றிக்கொண்டு போகும். யாரை ஏற்றுவது, யாரை நாளைக்கு நிறுத்துவது என்று சீட்டு எழுதும் வேலை சில நாள் அவருடையது. "அந்தச் சீட்டுதான் அவரைத் தூங்கவிடவில்லை" என்பார் ஆச்சி.

அவர் தானாகவே வாய்திறந்து சொன்ன கதை ஒன்றே ஒன்று. அதைத் தம்பியிடம் சொன்னார். அம்மா கதவோரம் நின்று கேட்டிருக்கிறார்.

1945 ஏப்ரல், ஐராவதிக்கரை. நேதாஜியின் படையினர் கூட்டம் கூட்டமாகச் சரணடைந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் ஓர் இளைஞனுக்கு மலேரியாவும் சீதபேதியும். எலும்பும் தோலும். தாத்தா உதவியாளரிடம் ஏதோ தமிழில் சொல்ல, அவன் கண்ணைத் திறந்து, "ஐயா, நீங்கள் எந்த ஊர்?" என்றானாம். மலேயாவில், பேராக்கில் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். தமிழ்நாட்டைப் பார்த்ததே இல்லை. இந்தியாவுக்குள் நடந்தே போய்விடலாம் என்று நம்பி வந்தவன்.

சின்னத் தாத்தா கேட்டது ஒன்றுதான்: "பிழைத்தானா அண்ணே?"

"மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. கஞ்சி குடித்தான். பிறகு கைதிகளோடு கொண்டுபோய்விட்டார்கள்."

சின்னத் தாத்தா எழுந்து வந்து அண்ணன் காலடியில் உட்கார்ந்துகொண்டாராம். நெடுநேரம் இரண்டு பேரும் பேசவில்லை.

தாத்தா இறந்த பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். பதக்கம், எனாமல் குவளை, ஒரு சின்ன நோட்டு. நோட்டில் நாள்வாரியாக மூன்று பத்திகள்: காய்ச்சல், பேதி, காயம். நாவில் தொட்டு எழுதும் ஊதாப் பென்சிலில் அவருடைய சின்னச் சின்ன எண்கள். பதக்கத்தை என் மாமா தாமிரப் பத்திரத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். நோட்டு என்னிடம் இருக்கிறது.

அதன் கடைசிப் பக்கத்தில் வேறொருவர் கையெழுத்தில், கோணல்மாணலாகத் தமிழில், பேராக்கில் ஒரு தோட்டத்தின் முகவரி. ஊருக்குத் திரும்பியதும் தாத்தா அந்த முகவரிக்கு இரண்டு முறை கடிதம் போட்டதாக ஆச்சி சொன்னார். பதில் வந்த நினைவு அவருக்கு இல்லை.