13 தேர்தல், 7 தொகுதி: கருணாநிதியின் வாக்குக் கணக்கு பற்றிக் கேள்வி பதில்

பழைய தேர்தல் முடிவுகளைச் சேர்த்து வைப்பது எனக்கு ஒரு கிறுக்கு. ஒரு எம்.எல்.ஏ.வின் தேர்தல் வாழ்க்கையை மட்டும் எடுத்துக்கொண்டு பேசலாம் என்று சொன்னதும், கேட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் மு. கருணாநிதியைப் பற்றித்தான் கேட்டார்கள். சரி, அவரையே எடுத்துக்கொள்வோம். அவர் நல்லவரா கெட்டவரா என்ற பட்டிமன்றத்துக்கு நான் வரவில்லை. வாக்குக் கணக்கு மட்டும்தான்.

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் ஒருவர்: கலைஞர் எந்தெந்தத் தொகுதியில் எப்போது நின்றார்? வரிசையாகச் சொல்ல முடியுமா?

குளித்தலை 1957. தஞ்சாவூர் 1962. சைதாப்பேட்டை 1967, 1971. அண்ணா நகர் 1977, 1980. துறைமுகம் 1989, 1991. சேப்பாக்கம் 1996, 2001, 2006. திருவாரூர் 2011, 2016. மொத்தம் 13 போட்டி, 13 வெற்றி. மக்களவைக்கு அவர் நின்றதே இல்லை. "13 முறை எம்.எல்.ஏ., 5 முறை முதல்வர்" என்பதைத் தேர்வில் மாற்றி எழுதிவிடாதீர்கள்.

குளித்தலையிலிருந்து ஓர் ஆசிரியர்: எங்கள் ஊரில்தான் முதல் வெற்றி என்று பெருமையாகச் சொல்வோம். அதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லுங்கள்.

பெருமைப்பட வேண்டியதுதான். தி.மு.க. சந்தித்த முதல் பொதுத்தேர்தலே அதுதான். அப்போது அது அங்கீகரிக்கப்பட்ட கட்சி கிடையாது, அதனால் பழைய முடிவுப் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே 'சுயேச்சை' என்றுதான் இருக்கும். முதல் தடவை அதைப் பார்த்தபோது அச்சுப்பிழை என்றே நினைத்தேன். காங்கிரசின் கே.ஏ. தர்மலிங்கத்தை 8,296 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அந்த முறை சட்டமன்றத்துக்குப் போன தி.மு.க.வினர் 15 பேர். அவையில் அவருடைய கன்னிப்பேச்சு உங்கள் பக்கத்து நங்கவரம் உழவர்களின் பிரச்சினையைப் பற்றியது. அப்போது அவருக்கு வயது 32, சினிமா வசனத்தால் ஏற்கெனவே ஊரறிந்த பெயர். அப்படிப்பட்டவர் முதல் பேச்சுக்குத் தொகுதி விவகாரத்தை எடுத்தது எனக்குப் பிடித்த விஷயம்.

அண்ணா நகரில் நாற்பது வருடமாகக் குடியிருப்பவர்: 1980-ல் இங்கே அவர் டாக்டர் ஹண்டேயிடம் தோற்றதாக என் மாமனார் அடித்துச் சொல்கிறார்.

மாமனாரிடம் மரியாதையாக மறுத்துவிடுங்கள். தோற்கவில்லை, நூலிழையில் தப்பினார். கருணாநிதி 51,290, அ.தி.மு.க.வின் எச்.வி. ஹண்டே 50,591. வித்தியாசம் 699.

இதை இப்படிப் பாருங்கள். கருணாநிதிக்குப் போட்டவர்களில் 350 பேர் மட்டும் மனம் மாறி ஹண்டேக்குப் போட்டிருந்தால், ஹண்டே ஒரு வாக்கில் ஜெயித்திருப்பார். 350 பேர் என்பது ஒரு கல்யாண மண்டபத்தில் முதல் பந்தியும் இரண்டாம் பந்தியும் சேர்ந்தால் வருகிற கூட்டம். 'தோல்வியே அறியாதவர்' என்ற பட்டமும் அன்றோடு போயிருக்கும். அது வாக்குச்சீட்டுக் காலம் வேறு. பெட்டியைக் கவிழ்த்து, சீட்டைப் பிரித்து, வேட்பாளர் வாரியாகக் கட்டுக் கட்டி மேசையில் அடுக்குவார்கள். முத்திரை கோட்டின் மேல் விழுந்த சீட்டு செல்லுமா செல்லாதா என்று ஏஜென்டுகள் மல்லுக்கட்டுவார்கள். ஒரு லட்சத்துக்கு மேல் சீட்டு எண்ணி 699-ல் முடிவு வந்தால் வாக்கு எண்ணும் மண்டபத்தில் யாருக்கு மூச்சு வந்திருக்கும்?

அதே ஆண்டு ஜனவரியில் நடந்த மக்களவைத் தேர்தலில் தி.மு.க.–காங்கிரஸ் கூட்டணி தமிழகத்தில் 39-ல் 37 இடங்களை அள்ளியது. பிப்ரவரியில் எம்.ஜி.ஆர். ஆட்சி கலைக்கப்பட்டது. மே மாதச் சட்டமன்றத் தேர்தலில் மக்கள் அப்படியே திருப்பிப் போட்டார்கள், எம்.ஜி.ஆரே மீண்டும் முதல்வர். ஹண்டே சுகாதார அமைச்சரானார். அந்த எதிர்க்காற்றில் 699 வந்ததே பெரிது.

ஒரு கட்சித் தொண்டர் (எந்தக் கட்சி என்று சொல்ல மாட்டாராம்): தொகுதி மாறி மாறி நின்றதால்தானே தோற்கவில்லை? ஒரே தொகுதியில் நின்று காட்டியிருக்கலாமே?

கேள்வியில் நியாயம் இருக்கிறது. கேரளத்தில் கே.எம். மாணி 1965 முதல் 2016 வரை 13 முறையும் பாலா என்ற ஒரே தொகுதியில் ஜெயித்தார். உம்மன் சாண்டிக்குப் புதுப்பள்ளி அப்படி. கருணாநிதிக்கு அந்த மாதிரிச் சொந்தத் தொகுதி என்று ஒன்று இருந்ததில்லை. வித்தியாசம் சுருங்கிய இடங்களை அடுத்த முறை அவர் விட்டுவிட்டார் என்பதும் உண்மை. தஞ்சாவூரில் பரிசுத்த நாடாரை வென்றது 1,928-ல்; 1967-ல் சைதாப்பேட்டை. அண்ணா நகர் 699. மறுபடி அங்கே நிற்கவில்லை. துறைமுகம் 1991-ல் 890; அடுத்தது சேப்பாக்கம்.

ஆனால் முழுக் கதை அதுவல்ல. 2001-ல் சேப்பாக்கத்தில் வித்தியாசம் 4,834-க்கு இறங்கியது. 2006-ல் அங்கேயேதான் நின்றார், 8,526-ல் ஜெயித்தார். 2011-ல் விட்டதற்கு வேறு காரணம் உண்டு: தொகுதி மறுசீரமைப்பில் பழைய சேப்பாக்கமே இல்லை, சேப்பாக்கம்–திருவல்லிக்கேணி ஆகிவிட்டது. அதே மறுசீரமைப்பில்தான், அதுவரை தனித்தொகுதியாக இருந்த திருவாரூர் பொதுத்தொகுதியானது. பையனாகக் கொடி பிடித்த ஊரில் நிற்க அவருக்கு 86 வயது ஆகவேண்டியிருந்தது.

என் கருத்தைக் கேட்டால், தொகுதியைச் சரியாகத் தேர்ந்தெடுப்பதும் தேர்தல் வித்தைதான். 1962-ல் காஞ்சிபுரத்தில் அண்ணாவும், 1967-ல் விருதுநகரில் காமராஜரும், 1996-ல் பர்கூரில் ஜெயலலிதாவும் தோற்றதை நினைத்துப் பாருங்கள்.

1984-ல் என்ன ஆனது? பட்டியலில் அந்த வருடம் இல்லையே.

அவர் நிற்கவில்லை. இலங்கைத் தமிழர் பிரச்சினைக்காக 1983-ல் அவரும் க. அன்பழகனும் எம்.எல்.ஏ. பதவியை விட்டார்கள். அப்புறம் மேலவை உறுப்பினரானார். 1986-ல் எம்.ஜி.ஆர். ஆட்சி மேலவையையே ஒழித்தது. எம்.ஜி.ஆர். அமெரிக்க ஆஸ்பத்திரியில் இருக்க, இந்திரா காந்தி கொல்லப்பட்ட சில வாரங்களில் நடந்த 1984 தேர்தலில் கருணாநிதி நின்றிருந்தால் 13-க்கு 13 என்று பேசியிருப்போமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

துறைமுகத்தில் ஜெயித்தும் ராஜினாமா செய்தாராமே?

ஆமாம். ராஜீவ் காந்தி படுகொலைக்குப் பிறகு வந்த தேர்தல். அ.தி.மு.க. 164, காங்கிரஸ் 60; தி.மு.க. துடைத்தெடுக்கப்பட்டது. இவரோ காங்கிரசின் கே. சுப்புவை 890-ல் வென்றார். ஜெயித்த கையோடு பதவியை விட்டுவிட்டார். கட்சி படுதோல்வி அடைந்திருக்க, அவைக்குள் போய் உட்கார மனம் வரவில்லை போலும்.

புள்ளிவிவரப் பிரியர்: அவருடைய மிகப்பெரிய வெற்றி 2016 திருவாரூர்தானே?

எண்ணிக்கையில் அதுதான்: 1,21,473-க்கு எதிராக 53,107, வித்தியாசம் 68,366. ஆனால் என்னைக் கேட்டால் 1996 சேப்பாக்கம் என்பேன். நெல்லை கண்ணனை 35,784-ல் வென்றார். பாதிதானே என்று தோன்றும். பழைய சேப்பாக்கம் மாநிலத்திலேயே சின்னத் தொகுதிகளில் ஒன்று. அங்கே பதிவானதில் நாலில் மூன்று பங்குக்கு மேல் இவருக்கு விழுந்தது. திருவாரூரில் கிடைத்தது நூற்றுக்கு 62-க்குச் சற்றுக் குறைவு.

கடைசியாக, திருவாரூர்க்காரர் ஒருவர்: அவருக்குப் பிறகு எங்கள் தொகுதிக்கு இடைத்தேர்தல் அறிவித்து நிறுத்தினார்களே, ஏன்?

2018 ஆகஸ்ட் 7-ல் அவர் மறைந்தார். 2019 ஜனவரி 28-ல் வாக்குப்பதிவு என்று தேதியும் குறித்தார்கள். கஜா புயல் நிவாரணம் நடக்கும்போது தேர்தலா என்று எதிர்ப்பு வரவே, ஆணையம் ரத்து செய்தது. ஏப்ரல் 18-ல் மக்களவைத் தேர்தலோடு சேர்த்து நடத்தி, தி.மு.க.வின் பூண்டி கலைவாணன் ஜெயித்தார். முடிவு மே 23-ல் வரும்வரை, ஒன்பது மாதத்துக்கு மேல் உங்கள் தொகுதிக்கு எம்.எல்.ஏ. இல்லை.