வெள்ளை ஒளி போட்டதும் போர்டு ரீசெட் ஆகிறதா?

கேள்வி: தோளில் மாட்டும் பைக்கு 60 எல்இடி கொண்ட டபிள்யூஎஸ்2812பி ஸ்ட்ரிப் (ஒவ்வொரு எல்இடியின் வண்ணத்தையும் டேட்டா வயர் வழியாகத் தனித்தனியாக மாற்றக்கூடியது) தைத்திருக்கிறேன். ஒரு 18650 லித்தியம் செல், அதன் வோல்ட்டை உயர்த்தித் தரும் 5 வோல்ட் பூஸ்ட் மாட்யூல், எல்இடிகளை இயக்கும் புரோகிராம் ஓடும் இஎஸ்பி32 போர்டு. ஸ்ட்ரிப்புக்குக் கரண்ட் போர்டின் 5 வோல்ட் பின் (இணைப்பு முனை) வழியாகப் போகிறது. சிவப்பு நன்றாக எரிகிறது. வெள்ளை போட்டால் ரீசெட் ஆகிறது, போர்டும் சுடுகிறது. ஏன்?

பதில்: முதலில் அந்த வயரைப் போர்டிலிருந்து கழற்றிவிடுங்கள். ஒரு எல்இடி முழு வெள்ளையில் அதிகபட்சம் 60 மில்லிஆம்பியர் வரை இழுக்கலாம். அறுபதுக்கு 3.6 ஆம்பியர். அவ்வளவும் போர்டின் வழியாகப் போனால் போர்டு சுடும், வோல்ட் இறங்கி ரீசெட் ஆகும். சிவப்பு மட்டும் எரிந்தால் அதில் மூன்றில் ஒரு பங்குதான்; அதனால்தான் அது ஓடிவிடுகிறது. பூஸ்ட் மாட்யூலின் வெளியீட்டிலிருந்து ஸ்ட்ரிப்புக்கு ஒரு ஜோடி தடித்த வயர், போர்டுக்குத் தனியாக இன்னொரு ஜோடி என்று பிரித்துக் கொடுங்கள். கிரவுண்ட் (நெகட்டிவ் வயர்) மட்டும் பொதுவாக இருக்கட்டும். இல்லையென்றால் டேட்டா குழம்பும்.

அடுத்தது செல். பலர் கணக்குப் போட மறக்கும் இடம் இதுதான். வெளியே 5 வோல்ட்டில் 3.6 ஆம்பியர் என்றால் 18 வாட். செல் 3.5 வோல்ட்டுக்கு இறங்கியிருக்கும்போது, மாட்யூலின் இழப்பையும் சேர்த்தால், செல்லிலிருந்து 6 ஆம்பியர் வரை உருவப்படும். சாதாரண 18650-க்கு இது மிக அதிகம். சின்ன மாட்யூலும் தாங்காது. ஆகவே எல்இடிகளை இயக்கப் புரோகிராமில் சேர்க்கும் ஃபாஸ்ட்எல்இடி நூலகத்தில் (ஆயத்த கோடு தொகுப்பில்) மின்சார வரம்பை 1500 மில்லிஆம்பியருக்குக் கட்டுங்கள். வெளிச்சம் பாதி அளவுக்கும் கீழே போய்விடும் என்று தயங்க வேண்டாம். இருட்டில் கண்ணுக்கு அது பெரிய குறையாகத் தெரியாது. அப்போதும் செல் தரப்பில் 2.5 ஆம்பியர் ஓடும். 2600 மில்லிஆம்பியர்-மணி செல் ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாங்கும்.

ஆனால் மென்பொருள் வரம்பு பாதுகாப்பு ஆகாது. டேட்டா வயர் தளர்ந்தால் ஸ்ட்ரிப் தன் இஷ்டத்துக்கு எரியக்கூடும். செல்லின் பாசிட்டிவ் முனையை ஒட்டியே 4 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். தள்ளிப் போட்டால் இடையிலுள்ள வயருக்குக் காவல் இல்லை. செல்லுக்குப் புரொடெக்‌ஷன் சர்க்யூட்டும் (ஷார்ட் ஆனால் செல்லைத் துண்டிக்கும் சிறு பலகை) கட்டாயம். இது உடம்போடு ஒட்டி இருக்கப்போகும் பொருள். துணிக்குள் வயர் மடிந்து மடிந்து உறை கிழிந்து ஷார்ட் ஆனால், பையைக் கழற்றி வீச உங்களுக்குச் சில நொடிகள்தான் கிடைக்கும். ஃபியூஸ், பாதுகாப்பு சர்க்யூட் இரண்டிலும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

ஸ்ட்ரிப்பின் தொடக்கத்தில் 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், டேட்டா வயரில் 330 ஓம் ரெசிஸ்டர் வையுங்கள். டேட்டா வயரில் இஎஸ்பி32 தருவது 3.3 வோல்ட், 5 வோல்ட்டில் ஓடும் ஸ்ட்ரிப் எதிர்பார்ப்பது 3.5. எனவே வண்ணங்கள் சிமிட்டினால் நடுவே டேட்டாவை 5 வோல்ட்டுக்கு உயர்த்தும் 74ஏஹெச்சிடி125 சிப் ஒன்று வேண்டும்.

சுவிட்சைச் செல்லின் பக்கமே வையுங்கள். அணைந்திருக்கும் எல்இடியும் ஏறத்தாழ 1 மில்லிஆம்பியர் குடிக்கும். அப்படியே விட்டால் ஓரிரு நாளில் செல் காலியாகிவிடும்.