லீவு கார்டும் லோக்கல் நிருபரும்

அன்புள்ள சார்,

விபத்து, மின்தடை, கௌண்டன்ய ஆற்றில் தண்ணீர் என்று எதுவானாலும் எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் பத்தே நிமிடத்தில் தெரிந்துவிடுகிறது. விடிந்தால் எல்லா நாளிதழும் பிடிஎஃப்பாக வருகிறது. வீட்டுக்குப் பேப்பர் போடுவதை நிறுத்திவிடலாமா?

ஒரு வாசகர், குடியாத்தம்

அன்புள்ள நண்பருக்கு,

வேகத்தில் உங்கள் குழுவோடு எந்தப் பேப்பரும் போட்டி போட முடியாது. ராத்திரி பதிப்பு முடிந்த பிறகு மோர்தானா அணை நிரம்பினால், காலைப் பேப்பரில் அது இருக்காது. சரி, அதில் வாதமே இல்லை.

எனக்கு உறுத்துவது மழைக்கால லீவு கார்டு. உங்களுக்கும் வந்திருக்கும்: 'வேலூர் மாவட்டத்தில் பள்ளிகளுக்கு இன்று விடுமுறை'. சதுரமான நியூஸ் கார்டு, மூலையில் சேனல் லோகோ, பின்னால் குடை பிடித்த பிள்ளைகள். எல்லாம் அசல்தான், ஆனால் போன வருஷத்து அசல். தேதி ஓரத்தில் எறும்பு சைஸில் இருந்திருக்கும். யாரோ க்ராப் செய்யும்போது அதுவும் போயிருக்கும். (கார்டில் 'வேலூர் மாவட்டம், ஆம்பூர்' என்றிருந்தால் யோசிக்காமல் அழித்துவிடுங்கள். 2019இல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்ததில் ஆம்பூர் திருப்பத்தூரோடு போய்விட்டது.)

பல கை மாறி வந்ததை ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோ மட்டுமே அனுப்பலாம் என்று 2020இல் வாட்ஸ்அப் கட்டுப்பாடு வைத்தது. இரட்டை அம்புக்குறியும் போட்டுக் காட்டுகிறது. நிறைய பேர் அனுப்பியிருக்கிறார்கள் என்று அதில் தெரியும். முதலில் கிளப்பியது யார், எப்போது என்பது தெரியாது.

பேப்பரில் செய்தி 'குடியாத்தம், நவ.20:' என்று தொடங்கும். நாம் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகிற இடம் அது. அந்த ஊரில் ஒருவர் போய் விசாரித்திருக்கிறார், தப்பென்றால் ஆபீசுக்குப் போன் போட்டுத் திட்டலாம். கார்டு வடிவமைப்பில் முதலில் சுருங்கியதே ஊரும் தேதியும்தான்.

அந்த ஒருவர் பெரும்பாலும் பகுதிநேர நிருபர். சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. கண்ணீர் அஞ்சலி, கடைத் திறப்பு விழா, கட்சிக்காரர் பிறந்தநாள் என்று விளம்பரம் பிடித்துக் கொடுத்தால் கமிஷன். அந்த விளம்பரத்தில் பாதி இப்போது ஸ்டேட்டஸுக்குப் போய்விட்டது. திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்வுக் கூட்டத்தில் உட்கார்ந்து, எந்தத் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை என்று யார் மனு கொடுத்தார்கள் என்பதை எழுதுகிறவர் அவர்தான். குழுவில் யாரும் அதற்காக அரை நாள் உட்கார மாட்டார்கள். உங்களுக்கு வரும் பிடிஎஃப்பில் அவர் எழுதிய செய்தி இருக்கிறது. அதை நீங்கள் படித்ததால் அவருக்கு ஒரு பைசாவும் போகவில்லை.

அதனால் எல்லாவற்றையும் நிறுத்தாதீர்கள். மாவட்டப் பக்கம் உருப்படியாக வருகிற ஒன்றுக்கு மட்டும் காசு கொடுங்கள், காகிதமானாலும் சரி, போனில் சந்தா கட்டிப் படிப்பதானாலும் சரி. அப்புறம், தேதி இல்லாத கார்டு வந்தால் உடனே நீக்கச் சொல்லிக் குழு அட்மினிடம் பேசுங்கள். அடுத்த மழைக்கு முன்னால் பேசிவிட்டால் நல்லது.