வாசகர் கேள்வி: இத்தாலியில் ஐந்து நண்பர்களும் ரயில் டிக்கெட்டும்

கேள்வி: நண்பர்கள் ஐந்து பேர் செப்டம்பரில் இத்தாலி போகிறோம். ரோம், ஃப்ளோரன்ஸ், வெனிஸ், நடுவில் ஒரு நாள் பீசா. எல்லா டிக்கெட்டையும் இப்போதே போட்டுவிட வேண்டும் என்கிறான் ஒருவன், அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்கிறான் இன்னொருவன். வாட்ஸ்அப் குழுவில் சண்டை முற்றிவிட்டது. யார் சொல்வது சரி?

பதில்: ஆளுக்குப் பாதி சரி.

ரோமிலிருந்து ஃப்ளோரன்ஸ் ஒன்றரை மணி நேரம், அங்கிருந்து வெனிஸ் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. இந்த இரண்டுக்கும் அதிவேக ரயில்தான் வசதி. அதன் கட்டணம் விமான டிக்கெட் மாதிரி, நாள் நெருங்க நெருங்க ஏறும், அதனால் இப்போதே போடுங்கள். அரசு நிறுவனமான டிரெனிட்டாலியாவின் ஃப்ரெச்சாரோஸா, 2012 முதல் ஓடும் தனியார் ரயிலான இட்டாலோ, இரண்டிலும் விலை பாருங்கள். ஒன்றின் டிக்கெட் மற்றதில் செல்லாது. இருப்பதிலேயே மலிவான டிக்கெட்டை எடுத்தால் பெரும்பாலும் பணம் திரும்ப வராது, எனவே காலையில் எழுந்திருக்காத நண்பர் யார் என்று தெரிந்துகொண்டு நேரத்தை முடிவு செய்யுங்கள்.

பீசா விஷயத்தில் உங்கள் இன்னொரு நண்பர் ஜெயித்தார். ஃப்ளோரன்ஸிலிருந்து அங்கே போவது ரீஜியோனாலே என்னும் சாதாரண ரயில், ஒரு மணி நேரப் பயணம். இன்று வாங்கினாலும் ஏறுவதற்குப் பத்து நிமிடம் முன்னால் வாங்கினாலும் விலை ஒன்றுதான், சீட் நம்பரும் கிடையாது. அன்றைக்கு மழையா வெயிலா என்று பார்த்துவிட்டுக் கிளம்பலாம்.

அப்புறம் நீங்கள் கேட்காத ஒன்று: ஐந்து டிக்கெட்டும் ஒரே ஆளின் போனில் இருக்க வேண்டாம். நாங்கள் நான்கு பேர் அப்படித்தான் போனோம். வெனிஸுக்கு முந்தைய ஸ்டேஷனின் பெயர் வெனிசியா மெஸ்த்ரே. பலகையில் 'வெனிசியா' என்ற முதல் பாதியை மட்டும் படித்த நண்பன், பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக இறங்கிவிட்டான். நாங்கள் கழிப்பறை வரிசையிலும் தூக்கத்திலுமாக இருந்தோம், கதவு மூடிக்கொண்டது. அவன் பிளாட்பாரத்தில் நின்று கையசைக்கிறான், அந்தக் கையில்தான் எங்கள் டிக்கெட் அத்தனையும். மெஸ்த்ரேயிலிருந்து தீவுக்குள் போகும் அந்தப் பத்து நிமிடத்தில் ரயில் கடல்மேல் பாலத்தில் போகும், அவ்வளவு அழகு, நானோ பரிசோதகர் வருகிறாரா என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் அடுத்த ரீஜியோனாலேயைப் பிடித்து வந்து சேர்ந்தான். நீங்கள் இறங்க வேண்டியது வெனிசியா சாந்தா லூச்சியா, வெளியே வந்தால் எதிரே கால்வாய் தெரியும். ஃப்ளோரன்ஸும் பலகையில் ஃபிரென்சே என்றுதான் இருக்கும், சாந்தா மரியா நொவெல்லா என்ற ஸ்டேஷன் பெயரையும் சேர்த்துப் பாருங்கள்.

சீட் விஷயத்தில் ஐந்து பேர் என்பது கொஞ்சம் சங்கடமான எண். நடுவில் மேஜை வைத்து எதிரெதிராக உட்காரும் இடம் நான்கு பேருக்குத்தான். ஐந்தாவது ஆள் வழிக்கு அந்தப் பக்கம் தனியாக உட்கார வேண்டியிருக்கும், முறை வைத்து மாறிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ரயிலில் ஏறுவதற்கு முன் டிக்கெட்டை மெஷினில் காட்ட வேண்டுமாமே?

பதில்: அது ரீஜியோனாலேயின் காகித டிக்கெட்டுக்கு. பிளாட்பாரம் தொடங்கும் இடத்தில் சின்னப் பெட்டி மாதிரி இருக்கும், அதில் செருகினால் தேதியும் நேரமும் அச்சாகும். போனில் வாங்கியிருந்தால் ஏறுவதற்கு முன் செக்-இன் செய்ய வேண்டும். அதிவேக ரயிலுக்கு இது எதுவும் வேண்டாம், எந்த ரயில், எந்த சீட் என்று டிக்கெட்டிலேயே இருக்கிறது. மறந்து ஏறிவிட்டால், பரிசோதகர் உங்களைத் தேடி வருவதற்குள் நீங்களே போய் அவரிடம் சொல்லிவிடுங்கள். அவர் வந்து கண்டுபிடித்தால் அபராதம்தான், வெளிநாட்டுக்காரன், தெரியாது என்றெல்லாம் சொன்னால் எடுபடாது.

கேள்வி: இத்தாலியில் அடிக்கடி ரயில் வேலைநிறுத்தம் என்கிறார்கள். பயமாக இருக்கிறது.

பதில்: நடக்கும், ஆனால் முன்கூட்டியே அறிவித்துவிட்டுத்தான் நடக்கும். 'ஷோப்பெரோ' என்ற சொல் காதில் விழுந்தால் உஷாராகுங்கள். வேலைநாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் ரீஜியோனாலே ரயில்களில் அத்தியாவசியமானவற்றை ஓட்டியே ஆக வேண்டும். அதிவேக ரயிலிலும் குறிப்பிட்ட சில ஓடும், பட்டியலை நிறுவனத்தின் தளத்தில் போடுவார்கள். விமானம் ஏறும் நாளில் மட்டும் இதை நம்பி உட்கார வேண்டாம், முந்தைய நாள் இரவே அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடுங்கள்.