ஒரே ஒரு விளையாட்டுக்காகக் கணினியின் வன்பொருளையே வடிவமைத்த வரலாறு உண்டா? அதை இன்று வீட்டில் செய்து பார்க்க இயலுமா?

உண்டு. நான் அறிந்தவற்றுள் மிகத் தெளிவான சான்று 1977-இல் வெளிவந்த ஆப்பிள் 2 கணினி. அதன் நிறம், ஒலி, பேடில் எனப்படும் கைத்திருகி ஆகியவை, பிரேக்அவுட் என்னும் செங்கல் உடைக்கும் விளையாட்டை பேசிக் என்னும் நிரல்மொழியில் எழுதி விளையாட வேண்டும் என்ற விருப்பத்தினால் சேர்க்கப்பட்டவை என்று அதை வடிவமைத்த ஸ்டீவ் வாஸ்னியாக் தாமே கூறியிருக்கிறார்.

அந்த விருப்பத்துக்கு ஒரு பின்னணி உண்டு. பகலில் ஹியூலெட்-பேக்கர்ட் நிறுவனத்தில் கால்குலேட்டர்களை வடிவமைத்துக்கொண்டிருந்த அவர், 1975-இல் நான்கே நாட்களில், உறக்கமின்றி, அட்டாரி என்னும் வீடியோ விளையாட்டு நிறுவனத்துக்காக பிரேக்அவுட்டின் மின்சுற்றை உருவாக்கினார். அதில் செயலியோ நிரலோ கிடையாது; பந்தும் செங்கலும் தர்க்கச் சில்லுகளின் இணைப்பாகவே இருந்தன. ஆகவே சிறு மாற்றத்துக்கும் கம்பிகளைத் தொட வேண்டும். அதே விளையாட்டைப் பின்னர் பேசிக்கில் எழுதியபோது, செங்கலின் நிறத்தையும் பந்தின் வேகத்தையும் ஓரிரு வரிகளில் மாற்ற முடிந்தது. அந்த பேசிக்கையும் அவரே எழுதினார். நிரலை இயந்திரக் குறிமுறையாக மாற்றித் தரும் அசெம்பிளர் வசதி இல்லாததால், இயந்திரக் குறிமுறையைக் காகிதத்தில் கையாலேயே எழுதி முடித்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது.

ஆனால் நான் அதிகம் வியப்பது பேடிலைத்தான். திருகியின் உள்ளே இருப்பது 150 கிலோ ஓம் மாறு மின்தடை மட்டுமே. அது 0.022 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றை டைமர் சில்லின் வழியாக மின்னேற்றுகிறது. மின்தடை கூடினால் மின்னேற்றம் தாமதமாகும். அந்தத் தாமதத்தை அளக்கத் தனிக் கருவி எதையும் வைக்காமல், 6502 செயலியையே ஓர் எண்ணுக்குச் சுமார் 11 மைக்ரோவினாடி வீதம் எண்ணச் செய்து, 0 முதல் 255 வரையிலான எண்ணாகத் திருகியின் நிலையைப் பெற்றார். ஒலியும் இவ்வாறே: ஒலிக்கென்று சில்லு இல்லை, குறிப்பிட்ட நினைவக முகவரி ஒன்றைச் செயலி தொடும்போதெல்லாம் ஒலிபெருக்கி ஒரு முறை ‘டிக்’ என்னும், அதை வேகமாகத் தொட்டால் சுருதி பிறக்கும். செலவு குறைந்தது, ஆனால் எண்ணும்போதும் ஒலிக்கும்போதும் செயலியால் வேறு வேலை பார்க்க இயலாது. விளையாட்டில் அந்தச் சில மில்லிவினாடிகளை யாரும் உணர்வதில்லை என்பதால், இதைக் குறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாம் கேள்விக்கும் ஆம் என்பதே விடை. சென்ற ஆண்டு ஆர்டுயினோ என்னும் நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகையையும் 555 டைமர் சில்லையும் கொண்டு இந்தப் பேடில் அமைப்பை நானே செய்து பார்த்தேன். கையில் கிடைத்த 500 கிலோ ஓம் மின்தடையைப் பொருத்தியதால், கைப்பிடியைக் கால்பங்கு திருப்புவதற்குள் எண் 255-ஐ எட்டி, திரையில் பந்தை அடிக்கும் மட்டை வலது ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. நிரலில் பிழை இருக்கிறதென்று ஒரு மாலைப்பொழுதை வீணாக்கினேன். எங்கள் ஊர்க் கடையில் 150 கிலோ ஓம் கிடைக்கவில்லை. 100 கிலோ ஓம் மின்தடையை வாங்கி, மின்தேக்கியை 0.033 மைக்ரோஃபாரட் ஆக மாற்றினேன். தாமதத்தைத் தீர்மானிக்கும் மின்தடை, மின்தேக்கி இரண்டின் பெருக்குத்தொகை அதேதான் என்பதால் மட்டை ஒழுங்காக நகரத் தொடங்கியது.