வேடிக்கை பார்ப்பவர்களுக்கு ஒரு பதில்

கேள்வி: செயற்கை நுண்ணறிவு மனிதனை மிஞ்சிவிட்டால் நோயும் வறுமையும் ஒழிந்துவிடும் என்கிறார்கள் சிலர். மனித இனமே மிஞ்சாது என்கிறார்கள் வேறு சிலர். இரண்டு பக்கமும் பெரிய விஞ்ஞானிகள் இருக்கிறார்கள். நீங்கள் எந்தக் கட்சி? எதுவானாலும் நம்மைப் போன்ற சாமானியர்கள் வேடிக்கைதானே பார்க்க முடியும்?

பதில்: கடைசி வாக்கியத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் என்னை உறுத்துவது அதுதான். எல்லாம் நல்லபடியாக முடியும் என்று நம்புகிறவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எல்லாம் போயிற்று என்று தலையில் கை வைத்தவரும் அப்படியேதான் உட்கார்ந்திருக்கிறார். இந்தத் தொழில்நுட்பத்தை அவசர அவசரமாகச் சந்தைக்குக் கொண்டுவரத் துடிப்பவர்களுக்கு இவர்கள் இருவருமே சௌகரியமானவர்கள். இருவரும் எதையும் கேட்கப்போவதில்லை அல்லவா?

விஞ்ஞானிகள் பிரிந்து நிற்பது உண்மை. இன்றைய செயற்கை நுண்ணறிவுக்கு அடித்தளம் போட்டதற்காக ஜெஃப்ரி ஹின்டன், யோஷுவா பென்ஜியோ, யான் லெகுன் மூவரும் கணினித் துறையின் மிக உயர்ந்த விருதான டூரிங் விருதை 2018-ஆம் ஆண்டுக்குப் பகிர்ந்துகொண்டார்கள். ஹின்டன் 2023-இல் கூகுளிலிருந்து விலகி, ஆபத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசத் தொடங்கினார். முப்பது ஆண்டுகளுக்குள் இது மனித இனத்தை அழிக்க 10 முதல் 20 சதவீதம் வாய்ப்பு உண்டு என்று மறு ஆண்டு சொன்னார். பென்ஜியோவும் தன் உழைப்பைப் பாதுகாப்பு ஆய்வின் பக்கம் திருப்பிவிட்டார். லெகுனோ, இந்த அச்சம் மிகையானது என்கிறார். மூவருக்கும் தெரிந்த கணிதம் ஒன்றுதான். ஆனால் தம்மைவிடக் கூர்மையான ஒன்றோடு வாழ்ந்து பார்த்த அனுபவம் மூவரில் ஒருவருக்கும் கிடையாது. ஆகவே அவர்கள் தருவது கணிப்புதான்.

கணிப்புகள் இரண்டு திசையிலும் தவறியிருக்கின்றன. இருபது ஆண்டுகளில் மனிதன் செய்யும் எந்த வேலையையும் இயந்திரம் செய்துவிடும் என்று 1965-இல் எழுதினார், இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவரான ஹெர்பர்ட் சைமன். நடக்கவில்லை. இதைச் சொல்லி நிம்மதி அடைகிறவர்கள் 1933-ஐயும் நினைத்துப் பார்க்க வேண்டும். அணுவைப் பிளந்து ஆற்றல் எடுக்கலாம் என்பது வெறும் பிதற்றல் என்று அந்த ஆண்டு செப்டம்பரில் பேசினார் ரூதர்ஃபோர்ட். அணுவை அறிந்தவர்களில் அவர் முதல் வரிசைக்காரர். அந்தப் பேச்சைச் செய்தித்தாளில் படித்துக் கடுப்படைந்த இயற்பியலாளர் லியோ சிலார்டுக்கு, லண்டன் தெருவில் நடக்கும்போது, ஓர் அணுவில் நிகழும் வினை அடுத்தடுத்த அணுக்களைத் தூண்டிக்கொண்டே போகும் அணுத் தொடர்வினை என்ற யோசனை தோன்றியது. பன்னிரண்டே ஆண்டுகளில் ஹிரோஷிமா.

'கட்சி' என்று நீங்கள் கேட்டதில்தான் கோளாறு. புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்ட் என்ற செயற்கை நுண்ணறிவு மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு புரதத்தின் வடிவத்தை ஆய்வகத்தில் கண்டறியச் சில நேரம் ஆண்டுக்கணக்கில் ஆகும். 2022-இல் 20 கோடிக்கும் மேற்பட்ட புரதங்களின் கணிக்கப்பட்ட வடிவங்களை அந்த மென்பொருளின் வழியே உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்தார்கள். வடிவம் தெரிந்தவுடன் மருந்து வந்துவிடாது. அதற்குப் பிறகு நீண்ட சோதனைகள் உண்டு. ஆனாலும் இது மகத்தான வேலை. இதற்காக 2024-இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றவர், அதை உருவாக்கிய கூகுள் டீப்மைண்ட் நிறுவனத்தின் தலைவர் டெமிஸ் ஹசாபிஸ். அதே ஹசாபிஸ், செயற்கை நுண்ணறிவால் மனித இனம் அழியும் ஆபத்தைக் குறைப்பது பெருந்தொற்றையும் அணு ஆயுதப் போரையும் தடுப்பதற்கு இணையான உலகக் கடமை என்ற 2023 மே மாத அறிக்கையில் கையெழுத்திட்டவர். ஒரே மனிதர், ஒரே மூளை. அங்கே நம்பிக்கையும் பயமும் சண்டையில்லாமல் சேர்ந்தே இருக்கின்றன.

பயத்துக்கு என்ன ஆதாரம் என்று கேட்பீர்கள். இயந்திரத்துக்கு நம்மேல் வெறுப்பு வரும் என்பது கதை. உண்மையான சிக்கல் இன்னும் சாதாரணமானது. நாம் கொடுக்கும் இலக்கும் நாம் விரும்பும் இலக்கும் ஒன்றுதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள் என்று 1960-லேயே எச்சரித்தார் கணித மேதை நார்பர்ட் வீனர். 2016-இல் ஓபன்ஏஐ என்ற செயற்கை நுண்ணறிவு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஒரு படகுப் பந்தய வீடியோ விளையாட்டில் இதைக் கண்ணாலேயே பார்த்தார்கள். புள்ளிகளைக் குவிக்கப் பழக்கப்பட்ட நிரல், பந்தயத்தை முடிக்கவே இல்லை. ஓரிடத்தில் வட்டமடித்து, மற்றப் படகுகள்மேல் மோதி, தீப்பிடித்து, புள்ளி தரும் அதே பொருள்களை மறுபடி மறுபடி இடித்துக்கொண்டிருந்தது. மனிதர்கள் சராசரியாக எடுப்பதைவிட அதிகப் புள்ளிகளும் பெற்றது! விளையாட்டில் சிரித்துவிட்டு நிறுத்திவிடலாம். நம்மைவிட வேகமாகத் திட்டமிடும் ஒன்று மின்கட்டமைப்பிலோ ஆயுதத்திலோ இருந்தால், 'நிறுத்து' என்று சொல்ல நமக்கு நேரம் இருக்குமா? அப்படி ஒன்றைக் கட்டாயம் நிறுத்திவிட முடியும் என்பதற்கு இன்றுவரை யாரும் நிரூபணம் தரவில்லை.

என் பதில் உங்களுக்கு வேண்டுமென்றால் இதோ: இது நன்றாக முடிய முடியும் என்று நம்புகிறேன். தானாக நன்றாக முடியும் என்று நம்பவில்லை.

இப்போது உங்கள் 'சாமானியர்' விஷயம். ஸ்ப்ரே டப்பாக்களிலும் குளிர்பதனப் பெட்டிகளிலும் இருந்த குளோரோஃபுளூரோகார்பன் என்ற ரசாயனம் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று 1974-இல் மோலினா, ரோலண்ட் என்ற இரு வேதியியலாளர்கள் எழுதினார்கள். தயாரிப்பாளர்கள் மறுத்தார்கள். தடை வருவதற்கு முன்பே அமெரிக்காவில் மக்கள் அந்த டப்பாக்களை வாங்குவதைக் குறைத்தார்கள். 1978-இல் பெரும்பாலான ஸ்ப்ரேக்களில் அதற்குத் தடை வந்தது. 1987-இல் அத்தகைய ரசாயனங்களைக் கட்டுப்படுத்தும் மாண்ட்ரியல் உடன்படிக்கை; பின்னர் உலக நாடுகள் அனைத்தும் அதை ஏற்றன. ஓசோன் படலம் இப்போது மெல்ல மீண்டு வருகிறது.

செயற்கை நுண்ணறிவு அதைவிடக் கடினமான விவகாரம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இதில் லாபம் பெரிது. நாடுகளுக்கிடையே போட்டியும் உண்டு. 2023 நவம்பரில் பிரிட்டனின் பிளெச்லி பார்க்கில் நடந்த செயற்கை நுண்ணறிவுப் பாதுகாப்பு மாநாட்டில் அமெரிக்காவும் சீனாவும் உட்பட 28 நாடுகள் ஆபத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டன, ஆனால் அது யாரையும் கட்டுப்படுத்தாத பிரகடனம். அதன் தொடர்ச்சியாக 2025 பிப்ரவரியில் நடந்த பாரிஸ் மாநாட்டின் அறிக்கையில் அமெரிக்காவும் பிரிட்டனும் கையெழுத்திடவே இல்லை. ஐரோப்பிய ஒன்றியமோ 2024 ஆகஸ்டில் செயற்கை நுண்ணறிவுச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்து, படிப்படியாக அமல்படுத்துகிறது.

அதே 2023-இல் அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர்கள் 148 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தச் சொல்லி எழுத்தாளரை நிறுவனம் கட்டாயப்படுத்தக் கூடாது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கினார்கள். அதற்கு அவர்கள் கணினி விஞ்ஞானிகளாக இருக்க வேண்டியிருக்கவில்லை.

உங்கள் பிரதிநிதிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். புதிய செயற்கை நுண்ணறிவு மாடல் ஒன்றை வெளியிடுமுன் நிறுவனத்துக்கு வெளியே இருப்பவர்கள் அதைச் சோதிக்கிறார்களா, சோதனையில் தவறினால் வெளியீட்டைத் தடுக்கும் அதிகாரம் எந்த அமைப்புக்கு இருக்கிறது, கேடு நேர்ந்தால் எந்த மனிதர் பொறுப்பேற்பார் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் மறுபடியும் எழுதுங்கள்; வந்தால் எனக்கும் அனுப்புங்கள், இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.